ஜன்னல் வழியாக வந்த கம்ப்யூட்டர்

மாலை ஆறே முக்கால் மணி. மார்கழி மாதம். மாகறலில் பஸ் ரோட்டை விட்டுப் பிரிந்து, செய்யாற்றின் கரையோரமாகவே போகும் மண் ரோடு... அதில் ஒரே ஒரு பைக்.

இருங்கள், அவசரப்படாதீர்கள். முதலில் எல்லோரும் நெருங்கி உட்காருங்கள். தேவயானி டீச்சர், அந்தச் செல்போன் விளக்கை அணைத்துவிடுங்கள், சார்ஜ் போய்விடும். கரண்ட் வர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். காலையில் ஐந்து மணிக்கே எழுந்து ஓட்டுப்பதிவுக்கு மேசை நாற்காலி போட வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இந்தப் பள்ளிக்கூடத்துக் கொசுவில் யார் தூங்கப் போகிறார்கள்? பேய்க் கதை சொல்லுங்கள் சார் என்று கேட்டது நீங்கள்தான். அப்புறம் பாத்ரூமுக்குத் துணைக்கு வாருங்கள் என்று என்னை எழுப்பக் கூடாது.

இது எனக்கு நடந்தது இல்லை. எனக்கு நடந்திருந்தால் இங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க மாட்டேன். என்னோடு ஆபீசில் வேலை பார்க்கும் கோபாலின் மச்சான், பெயர் வேதகிரி. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தான். முப்பத்திரண்டு வயது. பேய், பிசாசு, காத்து, கருப்பு எதையும் நம்பாதவன். அமாவாசை ராத்திரி சுடுகாட்டு ரோட்டில் பரோட்டா பார்சலோடு சீட்டியடித்துக்கொண்டு போகிற ஆள். அவன் வாயாலேயே இதைக் கேட்டேன். சொல்லும்போது இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டான். நடுங்குவது எனக்குத் தெரியக் கூடாதாம்.

அன்றைக்கு மத்தியானம் அவனுக்கு ஒரு போன். பெண் குரல்.

"தம்பி, கம்ப்யூட்டரு ஆன் ஆவல. ஒரு எடத்துலேர்ந்து இன்னொரு எடத்துக்கு மாத்தினோம். அப்பலேர்ந்து பேச்சு மூச்சு இல்லாம கீது."

"நாளிக்கு வரேங்கா."

"நாளிக்குன்னா வேலைக்கி ஆவாதுப்பா. எப்டியாவது இன்னிக்கே வந்துடு. உனுக்குப் புண்ணியமாப் போவும். ஊருக்குள்ள வந்து ஜெகதீசன் வூடுன்னு கேளு."

குரலில் இருந்த தவிப்பைக் கேட்டுத்தான் கிளம்பினேன் என்றான். இடம் மாற்றிய கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால் அவனுக்கு அது பெரிய வேலையே இல்லை. தூக்கும்போது ஏதாவது ஒரு வயர் தளர்ந்திருக்கும். கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு வரலாம். ஸ்க்ரூ டிரைவர், டெஸ்டர், பழைய ரேம் ஒன்று, பவர் வயர் ஒன்று... அவ்வளவுதான் பையில்.

அந்த ரோடு... ஒரு பக்கம் ஆறு. தண்ணீர் இல்லை, மணலும் நாணலும்தான். நாணல் உரசும் சத்தம் பைக் சத்தத்தையும் மீறிக் கேட்டதாம். சர்ர்... சர்ர்... இன்னொரு பக்கம் கழனி. பனி இறங்கிவிட்டது. எதிரே ஒரு வண்டி இல்லை, ஆள் இல்லை. ஊருக்குள் நுழையும் இடத்தில்தான் எருமையை ஓட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். ஊர் பெயர் வேண்டாம். நம்மில் யாருக்காவது அங்கே சொந்தம் இருக்கும்.

"ஜெகதீசன் வூடு எதுங்க?"

"அடைப்பு போட்ட வூடா?"

"அதெல்லாம் தெரியாதுங்க. கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்தேன்."

பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "அந்த ரூம்புலேர்ந்து எத்தையாச்சும் வெளிய எடுத்தாங்களா?"

"எனுக்கு எப்டிங்க தெரியும்?"

"கடைசி வூடு," என்றார். எருமையைத் தட்டி ரோட்டின் அந்தப் பக்கத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். வேதகிரிக்குச் சிரிப்புத்தான் வந்ததாம்.

கடைசி வீடு. ஓட்டு வீடு, முன்னால் சிமெண்ட் ஷீட் போட்டிருந்தது. போன் செய்த அகிலா என்கிற அந்த அம்மாளும், அவள் மகள் சுபாஷ்ரீயும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். அம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பெண்ணுக்கு இருபத்துமூன்று. இரண்டு பேரும் சாப்பிட்டு நாளாயிற்று என்று முகத்திலேயே எழுதியிருந்தது. கூடத்தில் ஒரு டீப்பாயில் மானிட்டர், கீழே தரையில் சிபியு. எதிரே ஒரு கதவு. பூட்டியிருந்தது. பூட்டின் மேல் மஞ்சள் துணி கட்டி, வாசற்படியில் ஒரு அகல் விளக்கும் ஒரு சொம்புத் தண்ணீரும் வைத்திருந்தார்கள்.

அடைப்பு என்றால் உங்களுக்குத் தெரியுமா? தெரியாதா... சரி. சில நட்சத்திரங்களில் ஒருவர் செத்துப்போனால், உயிர் போன அந்த அறையைப் பூட்டிவிட வேண்டும். நட்சத்திரத்தைப் பொறுத்து இரண்டு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம். தினமும் விளக்கும் தண்ணீரும் வாசலிலேயே வைப்பார்கள். அந்தக் கணக்கு முடியும் வரை கதவைத் திறக்கக் கூடாது. உள்ளே இருப்பது உள்ளேயே இருக்க வேண்டும். அகிலாவின் கணவர் ஜெகதீசன் ஆடி மாதம் செத்தார். சதய நட்சத்திரம். ஆறு மாதம் அடைப்பு. தை கடைசி வரைக்கும் திறக்காதீங்க என்று புரோகிதர் சொல்லிவிட்டார். திறந்தால் என்ன ஆகும் என்று அகிலா கேட்டிருக்கிறாள். திறக்காதீங்க என்று மறுபடியும் அதையேதான் சொன்னாராம்.

ஜெகதீசன் பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவர். முன்பு கிராஃப் பேப்பரில் கட்டம் கட்டமாக வரைவார்கள், இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில். கம்ப்யூட்டரில் போட்ட டிசைனைப் பார்த்து அட்டையில் ஓட்டை அடிப்பார்கள். அந்த அட்டையைத் தறியில் மாட்டினால் பூ விழும், மயில் விழும். காஞ்சிபுரத்திலிருந்து ஆட்கள் தேடி வந்து அவரிடம் டிசைன் வாங்கிப் போவார்களாம். அவருக்கு ஒரே பெண். ஆனியில் அவளுக்கு நிச்சயதார்த்தம் செய்தார். மாப்பிள்ளை ஸ்ரீகாந்த், ஒரகடத்தில் கம்பெனி வேலை. அவரே அலைந்து திரிந்து பார்த்த மாப்பிள்ளை. ஊருக்கெல்லாம் டிசைன் போடுகிறேன், என் பெண்ணின் முகூர்த்தப் புடவைக்கு நான் போடாமல் யார் போடுவது என்று ராத்திரி பகலாக உட்கார்ந்து போட்டார். ஆடியில் ஒரு நாள் விடியற்காலை, அந்த நாற்காலியிலேயே, கையை கீபோர்டின் மேல் வைத்தபடியே... போய்விட்டார். மாரடைப்பு என்றார்கள்.

அப்பா செத்த வருடத்துக்குள்ளேயே கல்யாணத்தை முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மூன்று வருடம் தள்ளிப் போகும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். மாசியில் முகூர்த்தம். புடவை நெய்ய ஒரு மாதம் வேண்டும். அட்டை அடிக்கிறவர் மறுநாள் காலையில் வருகிறார், அவரை விட்டால் வேறு ஆள் இல்லை. டிசைனோ பூட்டிய அறைக்குள் இருக்கும் கம்ப்யூட்டரில். வேறெங்கும் ஒரு காப்பி கூடக் கிடையாது.

"அதுக்குன்னு கதவத் தொறந்துட்டீங்களாக்கா?" என்று கேட்டான் வேதகிரி.

"அய்யோ, கதவத் தொறப்பேனா நானு?" அகிலா பதறினாள். "கதவத் தொறக்கக் கூடாதுன்னுதான சொன்னாங்க? ஜன்னல யாரும் சொல்லலியே. பின்னாடி ஜன்னல்ல ஒரு கம்பிய அறுத்துட்டு, சுபா கைய வுட்டு எடுத்துனு வந்தா. மேசை ஜன்னலாண்டதான் கீது. கதவு தொட்டது தொட்டபடி அப்டியே கீது பாரு."

அதைச் சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். அவன் சரி என்று சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தாளாம். பாவம், வேறு யாரிடம் கேட்பாள்? வேதகிரியும் சரிதான்க்கா என்று சொல்லிவிட்டான். அந்த ஒரு வார்த்தையை ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் புலம்புகிறான்.

வேலையை ஆரம்பித்தான். முதலில் பிளக் பாயிண்ட். டெஸ்டர் எரிந்தது, கரண்ட் இருக்கிறது. பவர் வயரை மாற்றினான். பட்டனை அழுத்தினான். ஒன்றும் இல்லை. சிபியுவின் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், தூக்கும்போது கை பட்டு ஆஃப் ஆகிவிடும். பாதி கேஸ் அதிலேயே முடிந்துவிடும். பார்த்தான். ஆனில்தான் இருந்தது.

சரி என்று பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். பழைய கம்ப்யூட்டரைத் திறந்தால் தூசி வாசனை வரும், கருகிய வாசனை வரும். பத்து வருடமாக அவனுக்குப் பழகிய வாசனை. இதில் வந்தது வேறு. ரோஜா மாலை அழுகிய வாசனை... அதோடு ஊதுபத்தி. பிணம் கிடந்த வீட்டில் மூன்றாம் நாள் வரும் பாருங்கள், அதே வாசனை. அறையில் அத்தனை நாள் கிடந்தது அல்லவா, ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். ரேமைக் கழற்ற உள்ளே கையை விட்டான்.

சூடாக இருந்தது.

நான்கு மாதமாக கரண்டே காட்டாத கம்ப்யூட்டர். பிராசசர் மேல் இருக்கும் அலுமினியக் கட்டி, விரல் வைக்க முடியாத சூடு. ராத்திரி முழுக்க ஓடிய மெஷின்தான் அப்படிச் சுடும்.

"எப்ப வெளிய எடுத்தீங்க?"

"காலைல எட்டு மணிக்குண்ணா," என்றாள் சுபாஷ்ரீ.

"உள்ள ஓடிக்கினு இருந்துச்சா?"

"அந்த ரூம்புக்கு ஃபியூஸையே புடுங்கி வச்சிக்கீறோம்."

அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் வேலை ஓடாது. ரேமைக் கழற்றி, அதன் தங்கநிறப் பல்லைப் பென்சில் ரப்பரால் தேய்த்தான். சர்வீஸ் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். இடம் மாற்றியதில் ரேம் லேசாக எழும்பியிருக்கும், தேய்த்து அழுத்தினால் உட்கார்ந்துவிடும். அழுத்தினான். டிக் என்று இரண்டு பக்கமும் பிடித்தது. பட்டனைத் தட்டினான். ஃபேன் சுற்றியது... கிர்ர்ர்... ஒரே ஒரு பீப். மானிட்டரில் வெளிச்சம் வந்தது.

அம்மாளும் பெண்ணும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். வேதகிரிக்கும் அப்பாடா என்றிருந்தது. ஆனால் கறுப்புத் திரையில் இங்கிலீஷில் ஒரு வரி வந்து நின்றுவிட்டது. கீபோர்டு இல்லை, தொடர வேண்டுமானால் எஃப் ஒன்னை அழுத்தவும்.

கலைச்செல்வன் சிரிக்கிறார் பாருங்கள். வேதகிரியும் சிரித்தானாம். இந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்குச் சிரிப்பு வரும். கீபோர்டே இல்லை என்கிறான், அப்புறம் எஃப் ஒன்னை அழுத்து என்கிறான், எதில் அழுத்துவது?

"கீபோர்டு எங்கம்மா?"

சுபாஷ்ரீ பூட்டிய கதவைக் காட்டினாள். "உள்ளதாண்ணா கீது. மேசைக்குக் கீழ இழுக்குற பலகைல இருக்கும். கை எட்டல. ஒயரப் புடுங்கி வுட்டுட்டு இது ரெண்ட மட்டும்தான் எடுத்தேன். மவுஸும் உள்ளதான்."

கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போகிறவன் ஒரு கீபோர்டை எடுத்துக்கொண்டு போகாதது அவன் தப்பு. ஊரில் யார் வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. உத்திரமேரூர் போய் எடுத்து வந்தால்தான் உண்டு. பேஜார் புடிச்ச வேலை என்று முனகிக்கொண்டே, வண்டிச் சாவியைத் தேடிப் பாக்கெட்டில் கையை விட்டான்.

டக்.

பூட்டிய கதவுக்குப் பின்னால். ஒரே ஒரு சத்தம்.

திரையில் இருந்த வரி மறைந்தது. கம்ப்யூட்டர் மேலே ஓட ஆரம்பித்தது.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மெஷினில் மினுக் மினுக்கென்று விளக்கு மின்னியது. பிறகு நீலத் திரை. ஜெகதீசன் என்ற பெயர். கீழே பாஸ்வேர்டு கேட்டு ஒரு கட்டம்.

"பாஸ்வேர்டு இன்னாம்மா?" என்று கேட்டான் வேதகிரி.

"தெரியாதுண்ணா. நைனா யாருக்கும் சொல்ல மாட்டாரு..."

அவள் சொல்லி வாயை மூடவில்லை. கதவுக்குப் பின்னால்... டக். டக். டக் டக். டக்... நிதானமாக, யோசித்து யோசித்து அடிக்கும் சத்தம். ஒவ்வொரு டக்குக்கும் அந்தக் கட்டத்தில் ஒவ்வொரு புள்ளி. ஏழு புள்ளி. கடைசியில் கொஞ்சம் பலமாக ஒரு டக்.

திறந்துவிட்டது.

எலியா? நன்றாகச் சொன்னீர்கள் டீச்சர். வேதகிரியும் எலிதான் என்று வாய்விட்டுச் சொன்னான். சொல்லிவிட்டு, போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனான். அவனுக்கு அந்தத் தைரியம் எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. பயந்தால் பார்த்துவிட வேண்டும், பார்த்துவிட்டால் பயம் போய்விடும் என்பது அவன் கணக்கு.

பின்னால் ஒரே இருட்டு. எங்கேயோ தூரத்தில் ஒரு தறி ஓடிக்கொண்டிருந்தது. கம்பி அறுத்த ஜன்னல் பாதி திறந்திருந்தது. அந்த அழுகின ரோஜா வாசனை முகத்தில் அடித்தது. டார்ச்சை உள்ளே காட்டினான். மேசை. மேசை மேல் சிபியு இருந்த இடத்தில் மட்டும் தூசி இல்லாத ஒரு சதுரம். கீபோர்டின் வயர் மேசை ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முனை காற்றில்தான் இருந்தது, எதிலும் மாட்டியிருக்கவில்லை. கீழே அந்தப் பலகை வெளியே இழுத்தபடி இருந்தது.

நாற்காலியைப் பார்த்தான். ரெக்சின் போட்ட சுழல் நாற்காலி. ஆள் யாரும் இல்லை. ஆனால் உட்காரும் இடத்து மெத்தை... அமுங்கியிருந்தது. நடுவில் குழியாக. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலி அரை வட்டம் திரும்பியது. ஜன்னல் பக்கம். அவன் பக்கம்.

எப்படிக் கூடத்துக்கு ஓடிவந்தான் என்று அவனுக்கு நினைவில்லை. வரும் வழியில் ஒரு செருப்பைக் காணோம். வந்து பார்த்தால் அகிலா கம்ப்யூட்டர் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. முகத்திலோ சிரிப்பு.

"பாரு தம்பி... அவருதான். அவரேதான்!"

திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு ஃபைல் திறந்திருந்தது. திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டம். புடவையின் முந்தி. மேலே கோபுர வரிசை, நடுவில் மாங்காய், அதற்குக் கீழே ஒரு அன்ன வரிசை. அன்ன வரிசை பாதியில் நின்றிருந்தது. அங்கேதான் அவர் உயிர் போயிருக்கிறது. வரிசைக்கு மேலே, ஜரிகையில் நெய்வதற்காகக் கட்டம் கட்டமாகப் போட்ட எழுத்தில் இரண்டு பெயர். சுபாஷ்ரீ. ஸ்ரீகாந்த். இப்போதெல்லாம் கல்யாணப் புடவையில் பெண் மாப்பிள்ளை பெயரை நெய்யச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

கதவுக்குப் பின்னால் கிளிக்... கிளிக்... கிளிக்... ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு கட்டம் நிறம் மாறியது. ஒரு அன்னத்தின் கழுத்து வந்தது. அலகு வந்தது. அடுத்த அன்னம். அடுத்தது. ஆனால் சொல்கிறேன், அந்த நேரத்தில் வேதகிரிக்குப் பயம் கூடக் குறைந்துவிட்டதாம். செத்து நான்கு மாதமாகியும் பெண்ணின் கல்யாணப் புடவையை முடிக்காமல் போக மனசு வராமல் ஒரு அப்பன் உட்கார்ந்திருக்கிறானே என்று அவனுக்கே பாவமாக இருந்ததாம். எனக்கும் கேட்கும்போது அப்படித்தான் இருந்தது. நானும் ஒரு பெண்ணைப் பெற்றவன்.

சுபாஷ்ரீ கதவோடு போய் ஒட்டிக்கொண்டாள். கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு, "நைனா... நைனா..." என்று அழுதாள். "போதும் நைனா. நல்லா கீது. நீ போய்ப் படு நைனா."

கடைசி அன்னம் முடிந்தது. கிளிக் சத்தம் நின்றது.

அகிலா எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேதகிரி பையிலிருந்து பென்டிரைவை எடுத்தான். காப்பி எடுத்துக் கொடுத்துவிட்டு, நல்லபடியாக ஊர் போய்ச் சேர வேண்டும். சிபியு பக்கம் குனிந்தான்.

அம்புக்குறி மறுபடியும் நகர்ந்தது.

மெதுவாக மேலே போனது. பெயர்கள் இருந்த இடத்துக்கு. ஸ்ரீகாந்த் என்ற பெயரின் கடைசி எழுத்தில் போய் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது... யோசிப்பது போல. பிறகு, கிளிக். 'த்' என்ற எழுத்தில் ஒரு கட்டம் வெள்ளையானது.

"எழுத்த சரி பண்றாரு போல," என்றாள் அகிலா. "எல்லாமே அவுருக்கு சுத்தமா இருக்கணும்."

கிளிக். கிளிக். கிளிக். 'த்' முழுவதுமாகப் போய்விட்டது. அந்த இடத்தில் புதிதாக எதுவும் வரவில்லை. அம்புக்குறி அடுத்த எழுத்துக்கு நகர்ந்தது. இந்த முறை வேகமாக. 'ந்' போய்விட்டது.

"இன்னாங்க பண்றீங்க?" அகிலா கதவைப் பார்த்துக் கேட்டாள். "நீங்க பார்த்த புள்ளதானங்க? நீங்கதான வேணும்னு சொன்னீங்க? புடிக்கலியா? அப்பவே சொல்றதுதான?"

கிளிக் கிளிக் கிளிக் கிளிக்... இப்போது இடைவெளியே இல்லாமல், ஏதோ நேரமாகிவிட்டது என்பது போல. 'கா' பாதி போய்விட்டது.

"நைனா வேணாம்!" சுபாஷ்ரீ கதவை இரண்டு கையாலும் அடித்தாள். "வேணாம் நைனா! அத்த அழிக்காத! உன் கால்ல வுழறேன்!" மஞ்சள் துணி அவிழ்ந்து கீழே விழுந்தது. சொம்புத் தண்ணீர் சாய்ந்து கூடம் முழுக்க ஓடியது. அவள் அதில் வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே கதவை அடித்தாள்.

'கா' போய்விட்டது. முதல் எழுத்து மட்டும் நின்றது.

வேதகிரி பாய்ந்தான். பிளக்கைப் பிடித்து ஒரே இழு. மானிட்டர், சிபியு இரண்டும் ஒரே பிளக் பாக்ஸில்தான் மாட்டியிருந்தது. பிளக் கையோடு வந்துவிட்டது. அவன் கையில் இருக்கிறது. சுவரிலிருந்து மூன்றடி தள்ளி நிற்கிறான்.

திரை அணையவில்லை.

கையில் பிளக்கைப் பிடித்துக்கொண்டே அவன் பார்த்தான். கிளிக். கிளிக். கிளிக். 'ஸ்ரீ' கட்டம் கட்டமாக அழிந்தது. நிதானமாக. ஒரு கட்டம் கூடப் பாக்கி இல்லாமல். சுபாஷ்ரீ என்ற பெயர் மட்டும் தனியாக நின்றது, பக்கத்தில் வெறும் இடம். அதற்கப்புறம்தான் திரை அணைந்தது. ஃபேன் கிர்ரென்று இறங்கி நின்றது.

உள்ளே நாற்காலி பின்னால் நகரும் சத்தம். எழுந்துகொள்ளும் சத்தம். பிறகு ஒன்றும் இல்லை.

அகல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தூரத்துத் தறி கூட நின்றுவிட்டது. அகிலாதான் முதலில் பேசினாள். டிசைன் போனாப் போவுது, வேற புடவை எடுத்துக்கலாம், கூறைப் புடவை கடையில் கிடைக்காதா என்று மகள் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

அப்போது சுபாஷ்ரீயின் போன் அடித்தது.

திரையில் ஸ்ரீகாந்த் என்ற பெயர். கூடவே அவன் போட்டோ, நிச்சயதார்த்தத்தன்று எடுத்தது. அதைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் எப்படி மலர்ந்தது என்பதை வேதகிரியால் சொல்லவே முடியவில்லை. கதையில் அந்த இடத்துக்கு வந்ததும் அழுதுவிட்டான்.

"அவருதாம்மா! அவருதான் பேசறாரு! ஒண்ணும் ஆவல, பாரு!"

அவசரத்தில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாள். காற்று இரைச்சல். ஒரு லாரியின் இன்ஜின் சத்தம். நிறையப் பேர் ஒரே நேரத்தில் பேசும் சத்தம். யாரோ தண்ணி கொண்டா, தண்ணி கொண்டா என்று கத்துகிறார்கள்.

"ஹலோ... ஏங்க... ஹலோ?"

அறிமுகமில்லாத ஒரு ஆண் குரல். வயசானவர் குரல்.

"ஹலோ, கேக்குதாம்மா? இந்த போன் வச்சிருந்த புள்ள உனுக்கு இன்னா வேணும்மா?"